நூறு குத்து, ஒரு மொறுமொறு!

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு சார்லஸ் லாம்ப் என்ற பெயர் ஞாபகமிருக்கும். (பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படித்தவர்களுக்கும்தான்!) 1822-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவர் வறுத்த பன்றியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சீனாவில் போ-போ என்று ஒரு தத்தாரிப் பையன். நெருப்போடு விளையாடி, அப்பாவின் குடிசையைக் கொளுத்தி விடுகிறான். உள்ளே இருந்த பன்றிக் குட்டிகளும் வெந்து போகின்றன. உயிர் இருக்கிறதா என்று ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறான். விரல் சுடுகிறது. சட்டென்று வாயில் வைத்துக் கொள்கிறான். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது சுட்ட பன்றித் தோல். அவ்வளவுதான்! மொறுமொறுவென்று ஒரு ருசி. விஷயம் பரவி, ஊரில் தினம் ஒரு வீடு பற்றி எரிய ஆரம்பிக்கிறது. கடைசியில் ஒரு ஞானி தோன்றி, பன்றியைச் சுடுவதற்கு முழு வீட்டையும் கொளுத்த வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்கிறார். அதற்கப்புறம்தான் இரும்புக் கம்பித் தட்டு வருகிறதாம்!

லாம்ப் எழுதியது தமாஷுக்கு. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது ஸார். சரியான கருவி கைக்குக் கிடைக்கிற வரைக்கும் மனுஷன் எதையாவது கொளுத்திக் கொண்டுதான் இருப்பான்.

நாங்கள் குடியிருக்கும் வீடு எரியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை புகைந்ததோடு சரி.

(சைவ வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நடுவில் வடாம் வருகிறது. அதற்காகவாவது இருங்கள்!)

ஈப்போ அப்பா

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் ஒரு சீன நண்பனும் ஆளுக்கு ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இந்த ஊர் அறை விளம்பரங்களில் வாடகைக்கு அடுத்தபடி முக்கியமான வரி, 'சமையல் கூடாது' அல்லது 'லைட் குக்கிங் மட்டும்'. லைட் குக்கிங் என்றால் என்ன என்று எந்த வீட்டுக்காரரும் விளக்கியதில்லை. முட்டை அவித்தால் லைட். மீன் குழம்பு வைத்தால் ஹெவி. பன்றித் தோலைப் பொரிய வைப்பது எதில் சேர்த்தி? எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "செய்ங்க... எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வைங்க!"

நண்பனுக்குச் சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. கான்டனீஸ் குடும்பம். கணக்கு எழுதும் உத்தியோகம். அவன் செய்ய ஆசைப்பட்டது 'சியூ யுக்'. ஹொக்கியன் மொழியில் 'சியோ பாக்'. சிங்கப்பூர் உணவங்காடிகளில் கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்குமே... மேலே பொன்னிறமாகப் பொரிந்த தோல், கீழே கொழுப்பு, கறி, கொழுப்பு, கறி என்று அடுக்கடுக்காக... அதுதான். கடைக்காரர் பெரிய வெட்டுக்கத்தியால் 'டக் டக்'கென்று துண்டு போடும் சத்தத்திலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். மீதி வயிற்றுக்குத்தான் காசு!

"கடையிலதான் கிடைக்குதேடா, வீட்ல எதுக்கு இந்த அவஸ்தை?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு எழுபது ஆகுது, ப்ரோ. பிறந்த நாளுக்கு இங்க வர்றார்" என்றான்.

அவன் சொன்ன கதை இது. அவன் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அப்பா சம்பளத்தன்று அரைக் கிலோ சியூ யுக் வாங்கி வருவார். தன் பங்குத் துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். பத்து வருஷத்துக்கு முன்னால் மேல் வரிசைக்குப் பல் செட் கட்டினார். அதிலிருந்து ஒரு மாற்றம். தோலை மட்டும் தனியே உரித்து மகன் தட்டில் வைத்துவிட்டு, "நீ சாப்பிடு" என்பார். மகன் அதைப் பாசம் என்று நினைத்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தான். போன வருஷம் ஊருக்குப் போனபோது அம்மா மெதுவாகச் சொன்னாளாம்: "பாசம்தான். ஆனா பயமும்தான். ஒரு தடவை தோலைக் கடிச்சு பல் செட் உடைஞ்சு போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்."

ஆக, விஷயம் வெறும் நாக்கு சம்பந்தப்பட்டதல்ல. எழுபது வயதுக்காரர், பல் செட்டோடு, பயப்படாமல் கடிக்கிற மாதிரி ஒரு பன்றித் தோல் வேண்டும். பிறந்த நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.

தோலில் நிறைய ஓட்டை போட வேண்டும் என்பது மட்டும் நண்பனுக்குத் தெரியும். எதைக் கொண்டு என்பதில்தான் சிக்கல்!

மூன்று ஞாயிறு, மூன்று ஆயுதம்

முதல் ஞாயிறு, முள்கரண்டி. எல்லார் வீட்டிலும் இருப்பது, செலவில்லாதது. ஆனால் முள்கரண்டி என்பது வெந்த கறியைத் தூக்குவதற்குச் செய்த சாமான். முனை மழுங்கல். பன்றித் தோலோ பெல்ட் மாதிரி. நண்பன் ஓங்கிக் குத்தினால் கரண்டி வழுக்கி, பலகையில் போய் விழுந்தது. நாற்பது குத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால் உள்ளே போனது பத்துக்கும் கம்மி. கரண்டியின் ஒரு பல் கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. அடுப்பிலிருந்து வெளியே வந்த தோலில், ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் நாலைந்து கொப்புளம். மற்ற இடமெல்லாம் ரப்பர் செருப்பு.

இரண்டாம் ஞாயிறு, கத்தி முனை. இது கச்சிதமாக உள்ளே போயிற்று. அதுதான் வம்பு! தோல், கொழுப்பு எல்லாவற்றையும் தாண்டி, கறி வரைக்கும் போய்விட்டது. சூடு ஏறியதும் கறியின் சாறு அந்த வழியாகப் பொங்கி மேலே வந்து தோலை நனைத்தது. நனைந்த இடம் பொரியவில்லை. சாறு காய்ந்த இடம் கன்னங்கரேலென்று கருகிப் போயிற்று. போதாக்குறைக்குக் கத்தி ஒரு தடவை வழுக்கி நண்பனின் கட்டை விரலையும் விசாரித்துவிட்டுப் போனது.

மூன்றாம் ஞாயிறு அட்டைப்பெட்டி கிழிக்கும் கட்டர். சிரிக்காதீர்கள்! இங்கிலாந்தில் இதைத்தான் செய்கிறார்கள். 'கிராக்லிங்' என்று அவர்கள் சொல்லும் பன்றித் தோலுக்கு, தச்சர் வைத்திருக்கிற மாதிரி கனமான பிளேடு கத்தியை, அதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, தோலில் கோடு கோடாகக் கீறுகிற வழக்கம் உண்டு. டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி விருந்தில் பன்றி ரோஸ்ட் முக்கியமான அயிட்டம். அங்கேயும் தோலில் நெருக்கமாகக் கோடு கீறி, கோட்டுக்குள் உப்பை அழுத்தித் தேய்ப்பார்கள். கோடு கீறியே கசாப்புக் கடையில் விற்பதும் உண்டு.

(ஒரு எச்சரிக்கை: ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஒடித்து ஒடித்துப் போடுகிற மெல்லிய பிளேடு கட்டரை இதற்குத் தொடாதீர்கள். ஒடிவதற்கென்றே செய்த பிளேடு. தோலுக்குள் ஒடிந்தால் தேடிக் கொண்டிருக்க முடியாது!)

மூன்றாம் ஞாயிறு ரிசல்ட் பிரமாதம். தோல் குச்சி குச்சியாகச் சுருண்டு, பொன்னிறத்தில், கடித்தால் 'கடக்'கென்று சத்தம். நானும் ஆன்ட்டியும் தட்டைக் காலி செய்து விட்டோம். நண்பன் மட்டும் ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தானேடா இருக்கு?"

"நல்லாருக்கு, ப்ரோ. ஆனா இதை அப்பா கடிச்சா இன்னொரு செட் கட்டணும்."

நியாயம்தான். அது இருபத்தைந்து வயசுப் பற்களுக்கான மொறுமொறு!

பூ குத்தும் முள்

அடுத்ததாக நண்பன் கொண்டு வந்த ஐடியா விபரீதமானது. ஜப்பானியப் பூ அலங்காரம் பார்த்திருப்பீர்கள். தட்டையான கிண்ணத்தில் ஒரு பூ, ஒரு குச்சி, நாலு இலை மட்டும் நிற்கும். அவை விழாமல் நிற்பதற்கு அடியில் 'கென்ஸான்' என்று ஒரு முள் தட்டு இருக்கும். உள்ளங்கை அகலத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள், அழுத்தமான அடிப்பாகம். ஆன்ட்டியின் ஷோகேஸில் ஒன்று இருந்தது.

"ஒரே அழுத்து... எல்லா ஓட்டையும் விழுந்துடும்!" என்றான்.

கையில் வாங்கிப் பார்த்தேன். அளவுக்கு மீறிக் கனத்தது. எதனால் இந்தக் கனம்? ஈயம்! பழைய பாணி கென்ஸானுக்கு அடித்தட்டு ஈயம், முள் பித்தளை. ஈயம் உடம்புக்குள் போனால் நரம்பையும் மூளையையும் பதம் பார்க்கும் விஷம். பூவுக்குப் பரவாயில்லை, அப்பாவுக்கு ஆகாது. ஷோகேஸுக்கே திருப்பி அனுப்பினோம்.

பல் குத்தும் குச்சிகளை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டுவது பற்றியும் பேச்சு வந்தது. மரக்குச்சி முறிந்து உள்ளே தங்கிவிடும். கறியை நசுக்கும் முள் சுத்தியல்? அதன் பற்கள் பிரமிடு மாதிரி. தோலை நசுக்குமே தவிரத் துளைக்காது. ஸ்பிரிங் வைத்து, வரிசை வரிசையாகத் தட்டை பிளேடுகள் உள்ள கறி மிருதுவாக்கி ஒன்று உண்டு. அது முரட்டுக் கறியின் நாரை அறுக்கப் பிறந்தது. அழுத்தினால் ஆழமாக இறங்கிவிடும். இரண்டாம் ஞாயிறு கதை மறுபடி!

கோபுரத்துக்குப் பக்கத்துத் தெரு

சைனாடவுனில் டெம்பிள் தெரு என்று ஒன்று. எந்த டெம்பிள்? நம்ம மாரியம்மன் கோயில்தான்! 1827-ல் நாராயண பிள்ளை ஏற்படுத்திய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் நிற்கிறது. அதன் ஒரு பக்கத்துத் தெரு டெம்பிள் தெரு, மறு பக்கம் பகோடா தெரு. பகோடா என்று வெள்ளைக்காரன் சொன்னது கோபுரத்தை. (பொட்டலத்தில் வரும் சமாசாரத்தைத் தேடிப் போய் ஏமாற வேண்டாம்!) அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம். தரையிலிருந்து கூரை வரைக்கும் வாணலி, ஆவிக்கூடை, ஆளுயரக் கரண்டி.

கல்லாவில் ஒரு சீன அங்கிள். மூக்கு நுனியில் கண்ணாடி.

"அங்கிள், சியோ பாக் செய்யத் தோல்ல குத்தற ஊசி இருக்கா?"

அவர் நிமிர்ந்தார். 'இருக்கு' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த மாதிரி கிரிஸ்பி வேணும், லா? கல்லு மாதிரியா? பிஸ்கட் மாதிரியா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் யாரும் கேட்காத கேள்வி! நண்பன் அப்பாவின் பல் செட் கதையைக் கான்டனீஸில் சொன்னான். அங்கிள் தலையாட்டிக் கொண்டே உள்ளே போய், ஒரு சாமான் எடுத்து வந்தார். சின்ன ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருந்தது. மேலே உள்ளங்கைக்கு அடக்கமான கைப்பிடி. அடியில் கொத்தாக எவர்சில்வர் ஊசிகள். தையல் ஊசியைவிடக் கனம், ஆணியைவிட மெல்லிசு. மூட ஒரு பிளாஸ்டிக் தொப்பி.

பன்றித் தோலின் மொறுமொறுப்பில் கான்டனீஸ் சமையல்காரர்களிடம் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கண்ணாடி மாதிரி வழவழப்பான தோல். இன்னொன்று, எள்ளை வாரித் தூவின மாதிரி பொடிப் பொடிக் கொப்புளங்கள் நிறைந்த தோல். முதலாவது பார்க்க அழகு, கடிக்கக் கெட்டி. இரண்டாவதில் எல்லாம் காற்று. பல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். இந்த எள்ளுத் தோலைத் தருவதுதான் ஊசிக் கொத்து. கோடு கீறினால் குச்சி, ஊசி குத்தினால் பிஸ்கட். கருவியை மாற்றினால் பண்டமே மாறிப் போகிறது!

வடாம் ரகசியம்

ஏன் மாறுகிறது? இங்கேதான் வாக்களித்தபடி வடாம் வருகிறது.

பச்சைத் தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கிற ஒரு கோணிச் சாக்கு. தண்ணீரில் வேகவைத்தால் அந்த நார்கள் இளகி ஜெலட்டின் ஆகின்றன. தச்சர்கள் மரம் ஒட்ட வச்சிரம் காய்ச்சுவார்களே, அதுவும் இதே சரக்குதான். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின். இளகிய தோலைக் காய வைத்துப் பிறகு நல்ல சூட்டில் காட்டினால், உள்ளே மிச்சமிருக்கும் துளித் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். சூட்டில் இளகி நிற்கிற தோலை அந்த ஆவி ஊதிப் பெரிதாக்குகிறது. பிறகு தோல் காய்ந்து அப்படியே விறைத்து நின்றுவிடுகிறது. அதுதான் மொறுமொறு.

கூழைக் கிண்டி, வெயிலில் காய வைத்து, எண்ணெயில் பொரிக்கிற வடாமிலும் நடப்பது இதே கதைதான். அங்கே மாவுச்சத்து, இங்கே புரதம். காயாத வடாம் எண்ணெயில் என்ன செய்யும் என்று வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். சவசவவென்று கிடக்கும். ஈரம் நிறைய இருந்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டி மேலே ஏறாது. தண்ணீரைத் துரத்துவதிலேயே அடுப்பின் சக்தி செலவாகிவிடும். பன்றித் தோலும் அப்படித்தான். மூன்று ஞாயிறும் நண்பன் ஊசிக்கு அலைந்த அளவுக்குக் காய வைக்கவும் மெனக்கெட்டிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும் என்று பாத்திரக் கடை அங்கிளே சொன்னார்.

இதில் ஓட்டைக்கு மூன்று வேலை. ஒன்று, காயும்போது உள் ஈரம் வெளியேற வாசல். இரண்டு, அடுப்பில் தோலுக்கு அடியில் உருகும் கொழுப்பு மேலே வந்து தோலைத் தானே பொரிக்க வழி. மூன்றாவதுதான் முக்கியம். ஓட்டை இல்லாவிட்டால் ஆவி ஏதாவது ஓர் இடத்தில் சேர்ந்து ஒரே பெரிய கொப்புளமாகத் தூக்கிவிடும். அது கருகும், பக்கத்து இடம் கல்லாகக் கிடக்கும். நூற்றுக்கணக்கான ஓட்டைகள் இருந்தால் நூற்றுக்கணக்கான குட்டிக் கொப்புளங்கள். எல்லாம் ஒரே அளவு. பல் செட்டுக்கு வேண்டியது அதுதான்!

ஆழம் எவ்வளவு? தோலைத் தாண்ட வேண்டும், கொழுப்பில் நிற்க வேண்டும், கறியைத் தொடக்கூடாது. கை பழக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தடித்த தோல் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பாருங்கள். ஓட்டை தெரிய வேண்டும், சாறு வரக்கூடாது. ரெண்டு ஆரஞ்சு செலவில் கை பழகிவிடும். (அப்புறம் ஜூஸ் போட்டுக் குடித்து விடலாம். நஷ்டம் இல்லை!)

பிறந்த நாள்

நாலாவது ஞாயிறு ஒத்திகை நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை அப்பா ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் "தம்பி!" என்றார். மலேசியாவில் சீனர்களுக்கும் தெரிந்த தமிழ் வார்த்தை அது. மற்றபடி எனக்கும் அவருக்கும் இடையில் ஓடியது உடைந்த மலாய்தான்.

முதல் நாள் ராத்திரியே வேலை ஆரம்பம். மார்க்கெட்டில் தோலோடு ஒரு கிலோ வயிற்றுக் கறி. சீனர்கள் இதை 'ஐந்து பூ இறைச்சி' என்கிறார்கள், அவ்வளவு அடுக்கு. தோல் பக்கம் கீழே இருக்கிற மாதிரி கொதிநீரில் கால் மணி நேரம். எடுத்துத் துடைத்தோம். பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டு, நகராமல் செய்துகொண்டு ஊசியை எடுத்தேன். குத்துவது என் இலாகா! செங்குத்தாக இறக்கி, செங்குத்தாகத் தூக்க வேண்டும். திருகினால் ஊசி வளையும். வெந்த தோல் சாதுவாக இடம் கொடுத்தது. ஒரு விரற்கடை இடம் விடாமல் குத்திக்கொண்டே போனேன். ஆபீஸில் யார் யார் மேல் என்னென்ன கோபம் இருந்ததோ அத்தனையும் அன்றைக்குத் தீர்ந்தது.

பிறகு கறிப் பக்கத்துக்கு மட்டும் உப்பும் ஐந்து மசாலாப் பொடியும். (அன்னாசிப்பூ, சோம்பு, பட்டை, கிராம்பு, சிச்சுவான் மிளகு. நாலு நம்ம வீட்டு டப்பாவிலேயே இருக்கும்.) தோல் மேல் மசாலா படக்கூடாது, கருகும். தோலுக்குக் கொஞ்சம் வினிகர், கொஞ்சம் உப்பு. மூடாமல் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் காகிதம் மாதிரி சலசலத்தது.

தோல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஃபாயில் காகிதத்தில் பெட்டி கட்டி, மேலே கல்லுப்பைக் கனமாகப் பரப்பி, 180 டிகிரியில் ஒரு மணி நேரம். உப்புப் பாளத்தை எடுத்துப் போட்டுவிட்டு, 220-ல் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்தோம். பத்தாவது நிமிஷம் ஒரு மூலையில் 'பொட்'. பிறகு இன்னொரு 'பொட்'. அப்புறம் மழை! எள்ளு எள்ளாகக் கிளம்பித் தோல் முழுக்கப் பரவியது. ஓர் ஓரம் மட்டும் லேசாகக் கருகியது. கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டான். கடைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மேஜையில் வைத்ததும் அப்பா முதலில் சாப்பிடவில்லை. சாப்ஸ்டிக் நுனியால் தோலை இரண்டு தட்டுத் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார். வழக்கம் போல ஒரு துண்டின் தோலைப் பிரித்து மகன் தட்டில் வைத்தார்.

நண்பன் கான்டனீஸில் ஏதோ சொல்லி, அதைத் திருப்பி அவர் தட்டிலேயே வைத்தான்.

யாரும் பேசவில்லை. ஆன்ட்டி கூட! அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பல் செட் இருக்கும் முன் பக்கம் வேண்டாம் என்று கடைவாய்ப் பக்கம் தள்ளி மெதுவாகக் கடித்தார். சின்னதாக ஒரு சத்தம். 'சர்ர்' என்று, காய்ந்த இலையை மிதித்த மாதிரி. நிறுத்தினார். நாக்கால் பல் செட்டைத் துழாவிப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி மென்றார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த துண்டை அவரே எடுத்தார். தோலை உரிக்கவில்லை.

"போலே லா, தம்பி" என்றார் என்னைப் பார்த்து. 'தேறிட்டீங்க' என்று அர்த்தம் வைத்துக் கொள்ளலாம். நண்பன் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனவன் திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

வாங்கப் போகிறவர்களுக்கு

நீங்களும் ஊசிக் கொத்து வாங்குவதானால் சில யோசனைகள்.

எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். ஊசிகளைப் பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். நெருக்கமாக இருக்க வேண்டும், ரொம்ப நீளம் வேண்டாம். நீளம் அதிகமானால் கறி வரை போகத் தோன்றும். மூடித் தொப்பி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் டிராயரில் போட்டு, இருட்டில் ஸ்பூன் தேடுகிறவர் கதி என்ன?

குத்துவதற்கு முன்னும் பின்னும் ஊசிகளை எண்ணுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் கத்தரிக்கோலை எண்ணுவார்களே, அந்த மாதிரி. ஒன்று குறைந்தால் அது எங்கே என்று தெரிகிற வரை அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

ஊசி, மேலே இருக்கும் கிருமிகளை உள்ளே தள்ளிவிடும். அதனால் அரைவேக்காடு கூடாது. முழுத் துண்டு பன்றிக் கறிக்கு உள்சூடு 63 டிகிரி, பிறகு மூன்று நிமிஷம் ஆறவிட்டால் போதும் என்று அமெரிக்க விவசாயத் துறை 2011-ல் சொன்னது. ஊசி குத்திய வயிற்றுக் கறிக்கு அதைத் தாண்டியே போங்கள். ஒரு மணி நேரம் வேகும்போது தானாகவே தாண்டிவிடும். முடிந்ததும் சோப்பு, சுடுநீர், பிரஷ் போட்டு ஊசிகளுக்கு நடுவில் தேய்த்துக் கழுவி, காய வைத்து மூடுங்கள். முஸ்லிம் நண்பர்களோடு ஒரே சமையலறையில் புழங்குகிறவர்கள் பலகை, தட்டு, ஊசி எல்லாவற்றையும் தனியாக வைத்துக் கொள்வது மரியாதை. இந்த ஊர் உணவங்காடிகளில் ஹலால் தட்டுகளைத் திருப்பி வைக்கவே தனி இடம் இருக்கிறது. வீட்டில் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்க முடியாதா?

பெரிய அவன் இல்லையே என்று மலைக்க வேண்டாம். 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி ஏர் ஃபிரையரைக் காட்டிய பிறகு அந்த ஜாதி அடுப்பு ஒண்டிக்கட்டைகளின் அறை வரை வந்துவிட்டது. காற்றைச் சுழற்றி அடிப்பதால் தோல் காய்வதற்கு நல்லது. துண்டு மட்டும் சின்னதாக இருக்கட்டும், சுருளைத் தொடக்கூடாது.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போய் 'நல்ல ஊசி எது, நல்ல கத்தி எது' என்று கேட்காதீர்கள். எல்லாமே நல்லதுதான், எதற்கு என்பதுதான் கேள்வி. உங்கள் வயதுக் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து கடக் கடக்கென்று கடிப்பதானால் பிளேடால் கோடு கீறுங்கள், தப்பே இல்லை. வேறு யாருக்காவது என்றால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே ஒரு கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்: சாப்பிடப் போவது யார்? அவருக்கு எத்தனை பல்?